கதவு குறுகலான ஒரு கில்டு: ஸ்டார்லைட்டும் மாட்ஸ் ஸ்டீனும்

"ரெய்டு கட்டாயம் இருக்கக் கூடாது, தப்புச் செய்தால் திட்டக் கூடாது, நாலு நாள் வராவிட்டாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. அப்படி ஒரு கில்டு இருந்தால் சொல்லுங்களேன்."

ஆன்லைன் விளையாட்டுக்குப் புதிதாக வரும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். கில்டு என்பது விளையாட்டுக்குள் ஆட்கள் அமைத்துக்கொள்ளும் குழு. ரெய்டு என்பது பலர் நேரம் குறித்து ஒன்றாகக் கூடிப் பெரிய எதிரிகளை அடிக்கப் போவது. நானும் சில வருடம் இதையே தேடி அலைந்தவன். ஆனால் பெயர் சொல்லிக் கைகாட்ட என்னிடம் கில்டு எதுவும் இல்லை. பாதி கில்டுகள் ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை. நான் சொல்லி நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கே விளக்கு அணைந்திருக்கும். அதனால் கில்டுக்குப் பதிலாக ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட் விளையாட்டில் ஸ்டார்லைட் என்றொரு கில்டு, அதில் பல வருடம் இருந்த நார்வே நாட்டு இளைஞர் ஒருவர். இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2024-ல் ஆவணப்படமாகவும் வந்தது. பெரும்பாலும் கண்ணீர் விடுவதற்காகத்தான் அதைச் சொல்கிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி: அந்த கில்டு எப்படி நடந்தது? அங்கே ஒருவர் அத்தனை வருடம் தங்க முடிந்தது எதனால்?

நடந்தது

மாட்ஸ் ஸ்டீன் 1989-ல் பிறந்தார். சிறு வயதிலேயே டுஷேன் தசைச் சிதைவு நோய் என்று தெரிந்துவிட்டது. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடம்பில் உருவாகாததால் தசைகள் வருடத்துக்கு வருடம் வலுவிழந்துகொண்டே போகும் மரபணுக் கோளாறு அது. அனேகமாக ஆண் பிள்ளைகளுக்கே வரும். முதலில் நடை போகும், பிறகு கை, கடைசியில் மூச்சுக்கும் இதயத்துக்குமான தசைகள். மாட்ஸ் சக்கர நாற்காலிக்கு வந்தார். ஓஸ்லோவில் பெற்றோர் வீட்டை ஒட்டிய பகுதியில், உதவியாளர்களின் துணையோடு வாழ்ந்தார். விரல்களில் மிஞ்சியிருந்த கொஞ்ச அசைவுக்கு ஏற்றபடி அமைத்த கருவிகளை வைத்துக் கணினியை இயக்கினார்.

கடைசிப் பத்து ஆண்டுகளில் அவர் விளையாடியது 15,000-லிருந்து 20,000 மணி நேரம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாளுக்குச் சராசரி நாலு முதல் ஐந்தரை மணி நேரம். பெற்றோருக்குத் தெரிந்தது என்ன? திரைக்கு முன்னால் மகனுடைய முதுகு. ராத்திரி எல்லாம் விழித்திருக்கிறானே, நண்பன் என்று ஒருவனும் இல்லையே என்று கவலைப்பட்டார்கள். நம் வீட்டுப் பெற்றோர் படுகிற அதே கவலைதான். நார்வேயில் மட்டும் வேறு மாதிரி இருக்குமா?

2014 நவம்பர் 18 அன்று, 25 வயதில் மாட்ஸ் இறந்தார். அவர் எழுதிவந்த வலைப்பதிவின் கடவுச்சொல் அப்பா ராபர்ட்டுக்குக் கிடைத்திருந்தது. மகன் போய்விட்டான் என்று அதில் நாலு வரி எழுதி, யாருக்காவது பேசவேண்டும் என்று தோன்றினால் எழுதட்டும் என்று தன் மின்னஞ்சல் முகவரியையும் போட்டார். பதில்கள் வர ஆரம்பித்தன. ஒன்றிரண்டு அல்ல. ஒவ்வொன்றும் பக்கம் பக்கமாக. எழுதியவர்கள் யாரும் மாட்ஸை நேரில் பார்த்ததில்லை. அவர்கள் அறிந்தது விளையாட்டுக்குள் மாட்ஸ் ஏற்றிருந்த பாத்திரத்தை, ஐபெலின் ரெட்மூர் என்ற பிரபுவை: ஆஜானுபாகுவான ஆள், தினமும் உள்ளே வந்ததும் முதல் வேலையாக அரை மணி நேரம் ஓடுபவர், பிறகு யார் சோகமாக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பவர்.

இறுதிச் சடங்குக்கு நெதர்லாந்து, இங்கிலாந்து, பின்லாந்து, டென்மார்க் நாடுகளிலிருந்து கில்டு ஆட்கள் வந்து நின்றார்கள். பயணச் செலவுக்கு வழியில்லாதவருக்காக கில்டுக்குள் பணம் திரட்டினார்கள். கில்டின் சார்பில் ஒருவர் எழுந்து பேசினார். நாம் இங்கே கூடியிருக்கும் இந்த நேரத்தில் நெதர்லாந்தில் ஒரு வகுப்பறையிலும், அயர்லாந்தில் ஒரு கால் சென்டரிலும், ஸ்வீடனில் ஒரு நூலகத்திலும் மாட்ஸுக்காக மெழுகுவத்தி எரிகிறது என்றார். வகுப்பறை, கால் சென்டர், நூலகம். அந்த கில்டில் இருந்தவர்கள் யார் என்பது எனக்குப் புரிந்தது அந்தப் பட்டியலைப் படித்தபோதுதான். வேலைக்குப் போகிற, மாலையில் களைத்துப்போய்க் கணினி முன்னால் உட்கார்கிற ஆட்கள்.

ஏன் ரெய்டு கில்டு இல்லை

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 2004 நவம்பரில் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஐரோப்பாவிலும் வெளிவந்தது. கில்டு தொடங்க வேண்டுமானால் நகரத்தில் இருக்கும் அதிகாரியிடம் காசு கொடுத்து ஒரு சாசனத் தாள் வாங்க வேண்டும். தொடக்க காலத்தில் வேறு 9 பேரிடம் அதில் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் தலைக்கு மேல் கில்டு பெயர், மேலே போட்டுக்கொள்ள ஒரு சின்ன அங்கி, பச்சை எழுத்தில் ஓடும் தனி அரட்டை. அவ்வளவுதான். அந்த கில்டை வைத்து என்ன செய்வது என்பது ஆட்களின் பாடு.

பெரும்பாலோர் செய்தது ரெய்டு. ஆரம்ப வருடங்களில் பெரிய ரெய்டு என்றால் 40 பேர். 2007-ல் வந்த விரிவாக்கத்தில், அதாவது விளையாட்டோடு சேர்த்த புதிய பகுதியில், அது 25, 10 என்று இறங்கியது. 40 பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அது 120 மனித மணி நேரம். ஒருவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் மற்ற 39 பேரும் இழப்பது மொத்தம் ஆறரை மணி நேரம். ஒருவர் தவறான இடத்தில் நின்றால் எல்லோரும் சாக வேண்டும். இந்தக் கணக்கில் வருகைப் பதிவேடு, ஆயுதச் சோதனை, மைக் கட்டாயம் எல்லாம் தானாக வந்து சேரும். ரெய்டு தலைவர்கள் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலைக்கு அந்தக் கண்டிப்பு வேண்டும். கல்யாணச் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டு, "ஏன் என்னை யாரும் கொஞ்சுவதில்லை" என்று கேட்டால் எப்படி?

ஸ்டார்லைட்டில் நடந்தது வேறு. அது பாத்திரமேற்று விளையாடும் கில்டு. ஆளுக்கு ஒரு கற்பனைப் பாத்திரம். அதன் வாயால் பேச்சு, சண்டை, காதல், சத்திரத்தில் உட்கார்ந்து வம்பு. எல்லாம் எழுத்தில். மாட்ஸின் பாத்திரத்துக்கு முதல் நட்பு கிடைத்ததே அப்படித்தான்: விளையாட்டில் வரும் கோல்ட்ஷைர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு புதருக்குள்ளிருந்து ஒரு பெண் பாத்திரம் ஓடிவந்து தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. அந்தப் பக்கத்தில் விளையாடியது நெதர்லாந்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண். பிறகு படிப்பு கெடுகிறது என்று அவளுடைய பெற்றோர் கணினியைப் பிடுங்கி வைத்தபோது, மாட்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த விளையாட்டு அவளுக்கு எப்படிப்பட்டது என்று விளக்கி.

இங்கே கவனிக்க வேண்டியது, விளையாட்டின் முக்கியமான வேலையே பேசுவதாக இருந்தது. யார் எவ்வளவு சேதம் அடித்தார் என்ற எண்ணிக்கை இல்லை. குரல் அரட்டை வேண்டாம் என்றவருக்கும் இடம் இருந்தது. மாட்ஸ் முகம் காட்டிப் பேசவோ நேரில் சந்திக்கவோ வந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தார். ஏதோ காரணம் சொல்லி நழுவினார். மைக் கட்டாயம் என்ற ஒரே ஒரு விதி இருந்திருந்தால் அவர் வாசலிலேயே நின்றிருப்பார். நம் ஊரில் ஒரே அறையில் அம்மா, அப்பா, பாட்டி தூங்கிக்கொண்டிருக்க ராத்திரி விளையாடுகிறவனுக்கும் இந்த விதி என்ன செய்யும் என்பது தெரியும்.

2006-ல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் இதே விளையாட்டை அலசி, ஆட்கள் ஒருவரையொருவர் சூழ்ந்திருக்கிறார்களே தவிர சேர்ந்து விளையாடுவது நினைத்ததைவிடக் குறைவு என்று காட்டினார்கள். அதைக் குறையாகப் படித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து எதுவும் செய்வதில்லை.

குறுகிய கதவு

இனிதான் எனக்குச் சுவாரசியமான இடம். அன்பான கில்டு என்றால் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் என்றுதான் நாம் நினைப்போம். ஸ்டார்லைட் அப்படி இல்லை. சுமார் 30 பேர்தான். உள்ளே இருக்கும் ஒருவராவது பரிந்துரைக்க வேண்டும். அதன் பிறகு ஒன்றிரண்டு மாதம் சோதனைக் காலம். அப்புறம்தான் உறுப்பினர். பத்து வருடத்துக்கும் மேல் அந்த கில்டு கலையாமல் நின்றதற்கு உள்ளே இருந்தவர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

ரெய்டு கில்டிலும் சோதனைக் காலம் உண்டு. வித்தியாசம், எதைச் சோதிக்கிறார்கள் என்பதில். அங்கே ஆயுதமும் வேகமும். இங்கே, இந்த ஆளோடு ஒரு வருடம் சாயங்காலங்களைக் கழிக்க முடியுமா என்பது. ஒரு மாதம் திண்ணையில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் கூப்பிடுகிறார்கள். புதிதாக வருபவருக்கும் அது நல்லது. அவரும் அந்த ஒரு மாதம் இவர்களைப் பார்க்கலாமே.

மறுபக்கம் என்ன ஆகும் என்பதை இதே விளையாட்டு காட்டியது. 2010 டிசம்பரில் வந்த விரிவாக்கத்தில் கில்டுகளுக்கும் லெவல் வந்தது. உறுப்பினர்கள் விளையாட விளையாட கில்டு 25-ஆம் லெவல் வரை ஏறும். ஏற ஏறச் சலுகைகள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். விளைவு? ஆள் அதிகம் இருந்தால் லெவல் சீக்கிரம் ஏறும் என்று, வழியில் போகிற வருகிற எல்லோருக்கும் அழைப்பு அனுப்பும் பெரிய கில்டுகள் பெருகின. நூற்றுக்கணக்கில் பெயர்கள், யாருக்கும் யாரையும் தெரியாது. 25-ஆம் லெவல் கில்டின் சலுகைகளை விட்டுவிட்டு, நாலு நண்பர்கள் சேர்ந்து புதிதாகச் சின்ன கில்டு தொடங்கினால் நஷ்டம் அவர்களுக்குத்தான். 2014-ல் அந்த லெவல் முறையையே எடுத்துவிட்டார்கள்.

அந்த மாதிரி ஒன்றில் நான் இருந்திருக்கிறேன். ஊருக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம் திரையில் ஒரு பெட்டி வந்தது, 'ஏற்கிறேன்' என்று அழுத்தினேன். 600 பெயருக்கு மேல். "எல்லோருக்கும் நல்வரவு, இது ஒரு குடும்பம்" என்று தலைப்பில் எழுதியிருந்தார்கள். வணக்கம் சொன்னேன், பதில் இல்லை. குகை ஒன்றின் வழி கேட்டேன், யாரோ கேள்விக்குறி ஒன்று போட்டார். மூன்று வாரம் கழித்து வெளியேறினேன். கிளம்பியபோது திரையில் என் பெயர் ஒரு வரி ஓடியிருக்கும். அதற்கு மேலே யாரோ ஒரு வாள் விற்றுக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் விட்டது

ஸ்டார்லைட்டைக் கோயிலாக்கிவிடக் கூடாது. அத்தனை வருடம் பழகியும் பெரும்பாலோருக்கு மாட்ஸின் நோய் பற்றித் தெரியாது. 2013-ல் அவரே தன் வலைப்பதிவில் எழுத ஆரம்பித்த பிறகுதான் சிலருக்குத் தெரிந்தது. ஐபெலினாக இருக்கும்போது எதிரில் இருப்பவருக்குச் சக்கர நாற்காலி தெரியாது, மனசுதான் தெரியும் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். கேட்காமல் விடுவது மரியாதையா, அக்கறைக் குறைவா? எனக்கே முடிவாகச் சொல்லத் தெரியவில்லை. மாட்ஸுக்கு அந்தக் கேட்காமை தேவைப்பட்டது. அதே சமயம், கடைசி வருடங்களில் உடம்பு மோசமாக மோசமாக அவர் சிலரிடம் எரிந்து விழுந்தார், சிலரைக் காயப்படுத்தினார், விலகிப் போனார். என்ன காரணம் என்று தெரியாதவர்கள் குழம்பினார்கள், கோபப்பட்டார்கள். ஆவணப்படமும் இதை மறைக்கவில்லை.

அந்த உரசல்களில் கில்டு உடையவில்லை, அவரைத் தூக்கி வெளியே போடவும் இல்லை. 30 பேர் கில்டில் ஒருவர் முகம் திருப்பினால் மற்ற 29 பேருக்கும் தெரியும். யாராவது ஒருவர் போய் என்னவென்று கேட்பார். 600 பேர் கில்டில் அதே சண்டைக்கு 'வெளியேற்று' என்ற பொத்தானே போதும்.

இன்னொன்றும் உண்டு. ஐபெலின் வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தவர் இல்லை. ஆட்டிசம் உள்ள மகனோடு எப்படி நெருங்குவது என்று தவித்த ஒரு தாய்க்கு, இருவரும் சேர்ந்து விளையாடிப் பாருங்கள் என்று வழி சொன்னது அவர்தான். அவர்கள் இருவரும் முதலில் கட்டிப்பிடித்துக்கொண்டது இந்த விளையாட்டுக்குள். நல்ல கில்டைத் தேடுகிறேன் என்று கிளம்புகிறவர்கள், நான் உட்பட, இந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறோம். ஹோட்டலுக்கு மதிப்பெண் போடுகிற மாதிரி கில்டைப் பார்க்கிறோம். தொப்பியைப் பிடுங்க வருகிறவரிடம் தொப்பியைக் கொடுத்துவிட்டுத் துரத்தவும் தெரிய வேண்டும்.

ஐபெலின் என்ன செய்தார் என்பதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அதற்கு ஒரு ஆதாரம் இருக்கிறது. அந்த கில்டின் ஆட்கள் தங்கள் உரையாடல்களைப் பதிவு செய்து வைக்கும் வழக்கம் உள்ளவர்கள். ஐபெலினைச் சுற்றிய அந்தப் பதிவு ஏறக்குறைய 42,000 பக்கம். ஆவணப்படத்தில் அவருடைய விளையாட்டு வாழ்க்கையை மீட்டுக் கட்டியது அதை வைத்துத்தான். பெற்றோர் பார்த்த முதுகுக்கு அந்தப் பக்கம் நடந்தது எல்லாம் எழுத்தாகவே இருந்திருக்கிறது.

இதை வைத்து நான் பார்ப்பவை

விளம்பர வாசகத்தை நான் இப்போது படிப்பதே இல்லை. 'குடும்பம்' என்று எழுதியிருந்தால் ஒரு அடி பின்னால் வைக்கிறேன். முதலில் நேரம் பார்க்கிறேன், அது நம் ஊர்க்காரர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஐரோப்பிய சர்வரில் இரவு 8 மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12.30, கோடையில் 11.30. அவர்கள் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும்போது நாம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்போம். அப்படி ஒரு ரெய்டு கில்டில் நான் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன், அலுவலகத்தில் தூங்கி வழிந்து. அவர்கள் நல்லவர்கள்தான். நேரம்தான் ஒத்துவரவில்லை. அதனால் கில்டு எத்தனை மணிக்கு ரெய்டு போகிறது என்று கேட்பதைவிட, நான் உள்ளே இருக்கும் நேரத்தில் யார் விழித்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

அப்புறம் ரெய்டு இல்லாத ஒரு நாளில் பச்சை எழுத்தில் என்ன ஓடுகிறது என்பது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு பேர் மீன் பிடித்துக்கொண்டே சமையல் பேசினால் அது நல்ல அறிகுறி. முட்டாள்தனமான கேள்வி ஒன்று கேட்டுப் பார்க்கலாம். பதில் வருகிறதா என்பதோடு, பதில் சொல்வது எப்போதும் ஒரே ஆள்தானா என்றும் பாருங்கள். ஒரே ஆள் என்றால் அந்த கில்டு அவர் தலையில் நிற்கிறது. அவருக்குப் பரீட்சையோ குழந்தையோ வந்தால் முடிந்தது.

மூன்று மாதம் காணாமல் போய்த் திரும்பியவரை என்ன செய்கிறார்கள் என்பதற்குத்தான் என்னிடம் மதிப்பெண் அதிகம். சில இடங்களில் 30 நாள் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். இடம் பிடிக்கும் பெயர்களை நீக்குவதில் தப்பில்லை. ஆனால் நீக்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர், "ஆளைக் காணோமே, எல்லாம் சரிதானே?" என்று ஒரு வரி போட்டாரா? என் நண்பர்கள் வேண்டாம் என்று பட்டியல் போடும் அந்தக் கேள்வி. நாலு நாளாக ஏன் வரவில்லை என்று அதட்டுவது ஒன்று, நாலு நாளாகக் காணோமே என்று தேடுவது இன்னொன்று. முதலாவதிலிருந்து தப்பிக்கிறோம் என்று இரண்டாவதையும் சேர்த்துத் தொலைத்துவிட்டுத்தான் அந்த 600 பேர் கில்டில் போய் விழுகிறோம்.

போன மாதம் நண்பர் ஒருவர் ஒரு சின்ன கில்டுக்கு விண்ணப்பித்தார். இருபது சொச்சம் பேர். "உங்கள் லெவல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் உடனே சேர்க்க மாட்டோம். ஒரு மாதம் சும்மா வந்து எங்களோடு உட்காருங்கள், பிறகு இரண்டு பக்கமும் முடிவு செய்யலாம்" என்று பதில் வந்திருக்கிறது. அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "சாதாரணமாக விளையாட வந்தவனுக்கு இவ்வளவு பந்தாவா?" என்று கேட்டார்.

தாராளமாகப் போய் உட்காருங்கள் என்று பதில் போட்டேன்.